காசு முழுசு, காட்சி பாதி

*ஒரே படம், ஒரே இணைய இணைப்பு, ஒரே மடிக்கணினி. பிரவுசரை மாற்றினால் படத்தின் தெளிவு மாறுகிறது. மாதச் சந்தா கட்டும் குடும்பங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.*

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. தேசிய நெடுஞ்சாலை 66இல், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள உதியன்குளங்கரை சந்திப்பிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. முன்னறையில் பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டூல்மேல் மடிக்கணினி. அதிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்குப் போகிறது. தியேட்டரில் பார்க்கத் தவறிய தமிழ்ப்படம் ஓடிடியில் வந்துவிட்டது. படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் கதாநாயகியின் முகம் துலங்கவில்லை. இருட்டுக் காட்சியில் ஆளும் சுவரும் ஒன்றாகிக் கட்டம் கட்டமாக அசைகின்றன. பாட்டி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார்.

இணைப்பு கொடுத்த தம்பி வந்து நிற்கிறார். போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டுகிறார்.

"லைன்ல ஒரு குழப்பமும் இல்லண்ணா. அம்பதுக்கு மேல காட்டுது, பாருங்க."

"பின்ன படம் எதுக்குடே இப்படி இருக்கு?"

"லேப்டாப்பு பழசாயிட்டு போல."

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே மடிக்கணினியில் யூடியூபைத் திறக்கிறாள். படம் பளிச்சென்று ஓடுகிறது. தன் போனில் அதே ஓடிடியில் அதே படத்தைப் போடுகிறாள். கதாநாயகியின் நெற்றிப்பொட்டில் மினுங்கும் கல்வரை தெரிகிறது. லைன் சரி, மடிக்கணினி சரி, சந்தாவும் கட்டியாகிவிட்டது. அப்படியானால் படத்தை மங்கலாக்குவது யார்?

எந்த வீடு என்று குறிப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை. அமரவிளை, தனுவச்சபுரம், செங்கல், கொல்லயில், இஞ்சிவிளை என்று இந்த எல்லைப் பகுதியில் கணினியில் படம் பார்க்கும் எந்த வீட்டிலும் இந்த மாலை நடக்கக்கூடியது. இங்கே ஒரு கூடுதல் பாரமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பள்ளியில் மலையாளமும் அடுக்களையில் தமிழும் பேசும் வீடுகள் அன்றிலிருந்து இரண்டு மொழிச் சினிமாவையும் தம்முடையதாகவே பார்க்கின்றன. அதனால் மலையாளத்துக்கு ஒரு சந்தா, தமிழுக்கு இன்னொரு சந்தா. ஏமாற்றமும் அதற்கேற்ப இரண்டு மடங்கு.

பூட்டு இருக்கும் இடம்

இணைய வேகம் குறைந்தால் படம் மங்கும். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வேகம் எவ்வளவு இருந்தாலும், 'இந்தக் கணினிக்கு இதற்குமேல் தரக்கூடாது' என்று ஓடிடி நிறுவனத்தின் சர்வரே முடிவெடுத்துத் தரத்தைக் குறைப்பது வேறு விஷயம். உதியன்குளங்கரை வீட்டில் நடந்தது இரண்டாவது.

படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க அதைப் பூட்டி அனுப்புகிறார்கள். டிஆர்எம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் உரிமைப் பாதுகாப்பு இதுதான். பூட்டைத் திறக்கும் மென்பொருள் நம் பிரவுசருக்குள் இருக்கிறது. உலகம் முழுக்க மூன்று பூட்டுகளே பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன: கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே. சியாட்டிலில் தனி நிறுவனமாக இருந்த வைட்வைனைக் கூகுள் 2010இல் வாங்கியது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வைட்வைனை நம்பியிருக்கின்றன. விண்டோஸில் எட்ஜ் பிளேரெடியைப் பயன்படுத்துகிறது, ஆப்பிள் கணினியில் சஃபாரி ஃபேர்பிளேயை.

தரம் குறைவது இந்தப் பூட்டுகளின் நிலைகளால். வைட்வைனில் எல்-1, எல்-2, எல்-3 என்று மூன்று நிலை. எல்-1இல் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதியிலேயே நடந்துவிடும். இயங்குதளம்கூட உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. எல்-3இல் எல்லாம் சாதாரண மென்பொருளாகவே நடக்கும். திறமையுள்ள ஒருவர் இடையில் புகுந்து படத்தை எடுத்துவிடலாம் என்பது ஸ்டுடியோக்களின் அச்சம். ஆகவே படத்தை ஓடிடிக்கு விற்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள்: எல்-3 சாதனத்துக்குக் குறைந்த தரம், எல்-1க்கு முழுத் தரம். நல்ல போன்களில் எல்-1 இருக்கிறது. விண்டோஸ் கணினியின் குரோமில் பெரும்பாலும் மென்பொருள் நிலைதான். லினக்ஸ் கணினியில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் எல்-3தான்.

அந்தக் கல்லூரி மாணவியின் போனில் தெளிவு, மடிக்கணினியில் மங்கல் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் காணொளிகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. அதனால் அங்கே திரை தன் முழு வலிமையைக் காட்டியது.

> பெட்டி: எந்தப் பிரவுசரில் எவ்வளவு?
>
> நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருக்கும் அளவுகளை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம்.
>
> விண்டோஸில் எட்ஜ்: 4கே வரை.
> ஆப்பிள் கணினியில் சஃபாரி: 4கே வரை. மேக்ஓஎஸ் 11 அல்லது அதற்குப் பிந்தையதும், ஆப்பிளின் சொந்த சிப் அல்லது டி2 பாதுகாப்பு சிப்பும் வேண்டும்.
> குரோம்: பல ஆண்டுகள் 720பியில் நின்றிருந்தது, இப்போது 1080பி வரை.
>
> ஒரு சட்டகத்தில் உள்ள புள்ளிகள்: 480பியில் ஏறத்தாழ 4 லட்சம், 720பியில் 9.2 லட்சம், 1080பியில் 20.7 லட்சம், 4கேயில் 83 லட்சம்.
>
> தேவைப்படும் வேகம்: 720பிக்கு 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15.

கேபிளும் கேள்வி கேட்கும்

பூட்டு பிரவுசரோடு முடிவதில்லை. மடிக்கணினியிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளிலும் ஒரு காவல் உண்டு. எச்டிசிபி என்ற அந்த முறையை இன்டெல் உருவாக்கியது. கேபிளின் மறுமுனையில் இருப்பது அங்கீகரிக்கப்பட்ட திரைதானா என்று கணினி ஒவ்வொரு முறையும் விசாரிக்கும். சரியான பதில் வராவிட்டால் தரத்தைக் குறைக்கும், அல்லது திரையைக் கறுப்பாக்கிவிடும். 4கேக்கு எச்டிசிபி 2.2 வேண்டும். பழைய டிவி, பழைய புரொஜெக்டர், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் மலிவான இணைப்பான் ஆகியவற்றில் படத்தின் தரம் இறங்குவதற்கோ படம் இருண்டுபோவதற்கோ இது ஒரு காரணம். இந்தக் காவலின் முதல் தலைமுறைக்கான தலைமைச் சாவி 2010 செப்டம்பரிலேயே இணையத்தில் வெளியாகிவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அதே வழிமுறை நம் வீட்டுக் கேபிளை நிறுத்தி வைத்து விசாரிக்கிறது.

பூட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பல: எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1. பிரவுசருக்கு அந்த முறை புரியாவிட்டாலும் தரம் குறையும். யூடியூபின் 4கே காணொளிகள் விபி9 முறையில் இருந்ததால், ஆப்பிளின் சஃபாரியில் அவை 2020 வரை முழுத் தெளிவில் ஓடவில்லை. எச்இவிசிக்குக் காப்புரிமைக் கட்டணச் சிக்கல் இருப்பதால் எல்லா பிரவுசரும் அதைச் சேர்ப்பதில்லை. இந்தச் சிக்கல் காலப்போக்கில் தீரக்கூடியது. பூட்டின் சிக்கல் அப்படியல்ல. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

லினக்ஸ் படித்த மாநிலத்தில்

கேரளத்துக்கு இந்த விஷயம் மற்ற மாநிலங்களைவிடக் கூர்மையாகக் குத்த வேண்டும். 2001 ஜூலை 20 அன்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் பள்ளிகளுக்கான ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடங்கள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அந்தத் திட்டம் 2017இல் கைட் என்ற நிறுவனமாக உருமாறியது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து கைட் தயாரித்த லினக்ஸில்தான் இன்றும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐடி செய்முறைத் தேர்வு எழுதுகிறது. கொரோனா காலத்தில் தொடங்கிய வித்யாகிரணம் திட்டத்தில் பட்டியலினப் பிள்ளைகள் உட்படப் பலருக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலும் கட்டற்ற மென்பொருள்தான். உரிமக் கட்டணம் இல்லை, வேண்டிய வீட்டுக் கணினியில் யாரும் போட்டுக்கொள்ளலாம். அதனால் பெட்டிக்கடை வீட்டுப் பிள்ளைக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மென்பொருள் கிடைத்தது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் இந்தப் பாதையில் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையைத் தாண்டினால், தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரிலிருந்து கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

ஓடிடியின் கணக்கில் இந்த லினக்ஸ் கணினிகள்தான் கடைசி வரிசை. லினக்ஸில் பிரைம் வீடியோ எஸ்டி என்னும் சாதாரணத் தரத்துக்கு மேல் ஏறுவதில்லை என்று பயன்படுத்துவோர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கணினிகளில் எந்தக் குறையும் இல்லை. சிப் அதே சிப், திரை அதே திரை. மூலநிரல் திறந்திருக்கிறது, உரிமையாளர் தன் கணினிக்குள் எதையும் பார்க்கலாம் மாற்றலாம் என்பதுதான் அவற்றின் மேல் சந்தேகம் விழக் காரணம். பள்ளியில் நற்பண்பாகக் கற்றுக்கொடுத்ததை வீட்டில் குற்றத்தின் அடையாளமாக நடத்துகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநிலம் பொதுப்பணத்தில் கட்டியெழுப்பிய ஒரு நல்ல காரியத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாடு ஒரு நாளில் வந்ததல்ல. பிரவுசருக்குள் பூட்டுக்கு இடம் ஒதுக்கும் திட்டத்தை 2012இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் மூன்றும் முன்வைத்தன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2017 செப்டம்பர் 18 அன்று அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. உறுப்பினர் வாக்கெடுப்பில் 58.4 சதவீதம் ஆதரவு, 30.8 சதவீதம் எதிர்ப்பு. எதிர்த்து வாதாடிய மின்னணு எல்லை அறக்கட்டளை (இஎஃப்எஃப்) அன்றைக்கே அந்த அமைப்பிலிருந்து விலகியது. புதிய பிரவுசர் எழுத நினைக்கும் ஒருவர் இனி கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ ஆப்பிளிடமோ போய் நிற்க வேண்டும் என்பது அவர்களின் கவலைகளில் ஒன்று. அது நடந்தும்விட்டது. 2019இல் சாமுவேல் மேடாக் என்ற நிரலாளர் தன் கட்டற்ற பிரவுசருக்கு வைட்வைன் உரிமம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். கிடைத்த பதில் மறுப்பு.

வீண் செலவு யார் தலையில்?

படம் மங்கினால் நம் வீடுகளில் முதல் பழி கேபிள்காரர் மேல் விழுகிறது. அவரைத் திட்டித் தீர்த்த பிறகு பெரிய பிளானுக்கு மாறுகிறோம். அடுத்தது ரவுட்டர். அதற்கும் அடங்காவிட்டால் புது மடிக்கணினியைப் பற்றிப் பேச்சு. இந்தச் செலவுகளில் எதுவும் பூட்டைத் தொடுவதில்லை. 4கேக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்று ஓடிடி நிறுவனமே சொல்லும்போது, 50லிருந்து 100க்கோ 100லிருந்து 200க்கோ போனால் படத்தில் ஒரு புள்ளிகூட அதிகரிக்காது. கேரள அரசின் இணையச் சேவையான கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது அறிவித்த மிகக் குறைந்த பிளான் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ். அந்த அடிமட்ட இணைப்பே 4கேயைத் தாங்கும். குழாயில் தண்ணீர் நிறைய வருகிறது; திறப்பைத்தான் யாரோ பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

போன் வாங்கியவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் வெளியாகி நன்றாக விற்ற போக்கோ எஃப்1 போனில் தொடக்கத்தில் எல்-3தான் இருந்தது. விலைக்கு மிஞ்சிய சிப், நல்ல திரை. ஆனால் ஓடிடியில் எச்டி இல்லை. எல்-1 அடுத்த ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பில் வந்தது. ஒன்பிளஸ் 5, 5டி போன்களுக்கு இதே குறை இருந்தபோது, 2018இல் அந்த நிறுவனம் தந்த தீர்வு, போனை நிறுவனத்துக்கு அனுப்பித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. இந்தப் போன்களை வாங்கியவர்களில் எத்தனை பேர் பெட்டியின் மேல் வைட்வைன் என்ற சொல்லைத் தேடியிருப்பார்கள்? கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் அச்சிடுபவர்கள் இதை அச்சிடுவதில்லை.

அடுத்தது, சந்தா. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்திய விலையைக் குறைத்தது. அதன்படி போனுக்கு மட்டும் 149 ரூபாய், தொடக்கத்தில் 480பியாக இருந்து பிறகு 720பியான பிளானுக்கு 199, 1080பிக்கு 499, 4கேக்கு 649. தரத்தை வைத்தே விலையைப் பிரித்திருக்கிறார்கள். 199க்கும் 649க்கும் இடையே மாதம் 450 ரூபாய், ஆண்டுக்கு 5,400 ரூபாய். இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் பல திரைகளில் பார்ப்பதற்கானது, மீதி தெளிவுக்கானது. 649 கட்டிவிட்டு விண்டோஸ் மடிக்கணினியில் குரோமில் படம் பார்ப்பவருக்கு 4கே கிடைக்காது. அதே மடிக்கணினியில் எட்ஜைத் திறந்தால், திரையும் சிப்பும் ஒத்துவந்தால், கிடைக்கும்.

சந்தாப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: தரம் உங்கள் இணையச் சேவையையும் சாதனத்தின் திறனையும் பொறுத்தது என்று. இந்த வரி உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. சாதனத்துக்குத் திறன் இருக்கிறது. ஒரு பிரவுசரில் அனுமதி இல்லை, பக்கத்துப் பிரவுசரில் இருக்கிறது. பிரவுசர் வாரியான அளவு தனியே ஓர் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. பணம் கட்டும் இடத்தில் அது கண்ணில் படுவதில்லை. தேடிப்போய்ப் படிப்பவருக்குத்தான் தெரியும் என்றால், பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை விற்றுவிட்டு வீடு திரும்பும் அப்பாவுக்கு அது எப்போது தெரியும்?

> பெட்டி: வீட்டிலேயே சோதிக்க
>
> நெட்ஃபிளிக்ஸில் படம் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், அந்த நொடியில் வரும் படத்தின் அளவு திரையில் எழுத்தாகத் தெரியும்.
>
> ஆண்ட்ராய்டு போனில் 'டிஆர்எம் இன்ஃபோ' போன்ற ஆப் மூலம் எல்-1ஆ எல்-3ஆ என்று பார்க்கலாம்.
>
> சப்டைட்டில் எழுத்து கூர்மையாகவும் படம் மட்டும் மங்கலாகவும் இருந்தால் உங்கள் திரையைச் சந்தேகிக்க வேண்டாம்.
>
> விண்டோஸில் ஒருமுறை பிரவுசரை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மங்கல் என்றால் டிவியிலேயே உள்ள ஆப்பில் போட்டுப் பாருங்கள். பெரிய பிளானுக்கு மாறுவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

பூட்டு தடுத்தது யாரை?

தயாரிப்பாளர் தரப்பு நியாயத்தைக் கேட்காமல் போவது சரியல்ல. ஒரு தமிழ்ப்படத்தில் கோடிக்கணக்கில் முதல் போட்டவர், அது வெளியான இரவே திருட்டுத் தளங்களில் ஏறுவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். லைட்மேன் முதல் எடிட்டர் வரை அந்தப் படத்தை நம்பிச் சாப்பிடுகிறார்கள். அதைக் காப்பாற்ற ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் திருட்டுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. அது வேண்டியதே.

ஆனால் இந்தப் பூட்டு அந்த வேலையைச் செய்கிறதா? எல்-3ஐ உடைத்துவிட்டதாக டேவிட் புக்கனன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019 ஜனவரியில் அறிவித்தார். முழுத் தரத்துக்கான எல்-1 வழியையும் கள்ளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு, ஓடிடியில் வரும் படங்கள் சில மணி நேரத்தில் 1080பியிலும் 4கேயிலும் திருட்டுத் தளங்களில் கிடப்பதே சாட்சி. ஒருவர் ஓரிடத்தில் உடைத்தால் போதும், உலகத்துக்கே பிரதி கிடைத்துவிடும். அந்தப் பிரதியில் எல்-1, எல்-3 வேறுபாடு இல்லை. எந்தப் பிரவுசரிலும், லினக்ஸிலும், பழைய டிவியிலும் அது முழுத் தெளிவோடு ஓடும்.

ஆக, சந்தா கட்டியவருக்கு மங்கல், கட்டாதவருக்குத் தெளிவு என்ற நிலை. நேர்மையாக நடப்பவருக்கு அபராதம் போடும் எந்த ஏற்பாடும் மக்களை நேர்மையின் பக்கம் இழுக்காது. உதியன்குளங்கரை வீட்டு மாணவியின் தோழி டெலிகிராமிலிருந்து இறக்கிய படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால், அது அவள் அப்பா காசு கட்டிப் பார்க்கும் படத்தைவிட நன்றாக இருக்கும். இந்த ஒப்பீட்டை ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் முன் வைத்துவிட்டு, பிறகு திருட்டைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்க முடியுமா? தயாரிப்பாளர்கள் அஞ்ச வேண்டியது இந்த இடத்தைத்தான்.

அந்தப் பெண் தன் கணினியில் பூட்டைத் தானே திறந்துகொள்ளவும் வழியில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரியங்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வீட்டில் படம் பார்க்கும் ஒருவர் வக்கீலை வைத்துக்கொண்டா பிரவுசரைத் திறப்பார்?

ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னார்கள்

2020 மார்ச் கடைசி. நாடு பூட்டப்பட்டது, எல்லோரும் வீட்டில், எல்லோர் கையிலும் போன். செல்போன் வலையமைப்புகள் திணறும் என்று அஞ்சி, ஓடிடி மற்றும் சமூக ஊடக நிறுவனங்கள் கூடிப்பேசி ஒரு முடிவெடுத்தன: மொபைல் இணையத்தில் ஏப்ரல் 14 வரை எச்டி கிடையாது, 480பிதான். நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், ஹாட்ஸ்டார், ஜீ, சோனி, கூகுள் எல்லாம் அதில் இருந்தன. அறிக்கை வெளியானது, பத்திரிகைகள் எழுதின, டிவியில் சொன்னார்கள். என்ன அளவு, என்ன காரணம், எந்தத் தேதி வரை என்று மூன்றும் மக்களுக்குத் தெரிந்தது. யாரும் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. அதே ஆண்டு ஜூன் 1 அன்று விக்டர்ஸ் கல்விச் சானலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பள்ளி வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் வந்தன. பூட்டில்லாத அந்த வகுப்புகள் எந்தக் கணினியிலும் எந்தப் பிரவுசரிலும் ஒரே தெளிவில் ஓடின.

தரத்தைக் குறைப்பதை மக்களிடம் சொல்ல முடியும் என்பதற்கு அந்த ஏப்ரல் சான்று. சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்பதற்கும் அதுவே சான்று. எனவே இன்றைக்குச் சொல்லாமல் இருப்பது முடியாததால் அல்ல.

சட்டமும் நம் பக்கம் பேசுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருள் அல்லது சேவையின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாக வரையறுக்கிறது. 649 ரூபாய்ச் சேவையின் தரம் குரோமில் ஒன்று, எட்ஜில் ஒன்று, லினக்ஸில் இன்னொன்று என்றால், அது விலை எழுதியிருக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் பஹீமா ஷிரின் வழக்கில் இணையத்தை அணுகுவதைக் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைத்துத் தீர்ப்பளித்தது. அது சினிமா பற்றிய வழக்கல்ல, ஒரு கல்லூரி விடுதி மாணவியின் போன் பற்றியது. ஆனாலும் இணையம் ஆடம்பரம் அல்ல என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது. அந்த இணையத்தில் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்துக் காசு கட்டியவரைத் தரம் பிரிப்பது பற்றி நீதிமன்றங்கள் இனிமேல்தான் பேச வேண்டியிருக்கிறது.

> பெட்டி: எங்கே முறையிடலாம்?
>
> தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
>
> மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் அல்லது சேவை பற்றிய புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.
>
> சந்தா ரசீது, இணைய வேகச் சோதனையின் படம், ஓடும் படத்தின் அளவைக் காட்டும் எழுத்து ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் கறுப்பாக விழக்கூடும். அதுவும் பூட்டின் வேலைதான். போன் கேமராவில் எடுங்கள்.

அரசின் கையில் இருப்பது

தனி ஒருவர் புகார் கொடுத்தால் ஒரு மாதச் சந்தா திரும்பி வரலாம். ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறாது. ஒப்பந்தத்தை மாற்றும் அளவுக்கு எடை உள்ள கை ஒன்று இங்கே இருக்கிறது. அது கேரள அரசின் கை. இணைய இணைப்பு விற்பது அரசின் கே-ஃபோன். பிள்ளைகளின் கணினியில் லினக்ஸ் போடுவது அரசின் கைட். 2024 மார்ச் 7 முதல் சி-ஸ்பேஸ் என்ற பெயரில் ஓடிடி நடத்துவதும் அரசு. இந்தியாவில் ஒரு மாநில அரசு நடத்தும் முதல் ஓடிடி அது, பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு. தனியார் ஓடிடிகளைத் தொகுத்து இணைப்போடு விற்கும் சேவையையும் கே-ஃபோன் 2025இல் தொடங்கிவிட்டது. லைன், கணினி, தளம், தொகுப்பு விற்பனை ஆகிய நான்கும் ஒரே அரசின் கீழ் இருக்கும் இன்னொரு மாநிலம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த அரசு முதலில் தன் வீட்டிலிருந்து தொடங்கலாம். கைட் லினக்ஸ் போட்ட கணினியில் எந்தப் பிரவுசரிலும் சி-ஸ்பேஸ் படம் முழுத் தெளிவில் ஓட வேண்டும் என்று தனக்கே விதித்துக்கொள்ளலாம். தன் படங்களைக் காக்க, வாங்கியவரின் அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் படத்திலேயே பதிக்கும் நீர்க்குறி முறை இருக்கிறது. பிரதி வெளியே போனால் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். அது கசியவிட்டவரை மட்டும் பிடிக்கும். பாட்டியின் திரையை மங்கலாக்காது.

அடுத்தது, தொகுப்பு விற்பனைக்காகத் தனியார் ஓடிடிகளோடு கே-ஃபோன் கையெழுத்திடும் ஒப்பந்தங்கள். அவற்றில் இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். எந்த பிரவுசரில், எந்த இயங்குதளத்தில் எவ்வளவு தரம் என்ற பட்டியலைச் சந்தாப் பக்கத்திலேயே இரு மொழியிலும் வெளியிடுவது ஒன்று. கைட் லினக்ஸ் கணினிக்குக் குறைந்தது 1080பி தருவது மற்றொன்று. தர முடியாது என்கிற நிறுவனம் அந்த வாடிக்கையாளரிடம் எஸ்டிக்கு உரிய விலையை மட்டுமே வாங்க வேண்டும்.